நாற்பத்தொன்றாம் பொட்டலம்

பொங்கல் விடுப்பு முடிந்து வருகையில்
ஆளுக்கொரு பிடி மண் கொண்டுவரச் சொல்லியிருந்தோம்.
நான்கு விரற்கடை ஆழத்தில் எடுக்க வேண்டும்,
உரம் போட்ட நிலம் கூடாது,
இடத்தின் பெயர் எழுதி ஒட்ட வேண்டும்.

அஞ்செட்டிக் காட்டிலிருந்து வந்தது.
சந்தூர் மாந்தோப்பிலிருந்து வந்தது.
அணையின் வண்டல், டப்பாவின் பழைய
ஊறுகாய் வாசனையோடு வந்தது.
பாய்லர் திம்மராயன் மட்டும் மறந்துவிட்டார்.
கேட்டிலேயே வண்டியை நிறுத்தி
மட்கார்டுக்குள் கைவிட்டுச் சுரண்டி
காலண்டர் தாளில் மடித்துக் கொடுத்தார்.

எந்த ஊர் மண்ணுங்க இது?
"ராயக்கோட்டையில தூறல்,
கெலமங்கலத்துல சேறு,
நடுவுல ஒரு எருமை மந்தை.
ரோடுன்னு எழுதிக்கம்மா."
எழுதினேன்.
41. ரோடு.

அறுபத்துமூன்றில்
அறுபத்திரண்டு எங்களைக் கைவிட்டன.

ஓசூரில் ராத்திரி ஷிப்ட்.
வெயிலின் வைட்டமினை
வெயில் படாமல் காக்கிறோம்:
பழுப்புக் குடுவை, ஜன்னலுக்குக் கறுப்புத் தாள்,
ஒற்றை மஞ்சள் பல்பு.
அப்படியே உடம்புக்குள் போனால் அது
கார்டு இருந்தும் கைரேகை விழாதவனைப் போல
ரேஷன் கடை வாசலில் நிற்கும்.
கல்லீரலில் ஒரு முத்திரை,
பிறகு சிறுநீரகத்தில் ஒரு முத்திரை,
இரண்டும் விழுந்தால்தான்
எலும்புக்குச் சுண்ணாம்பு.

நாற்பத்தொன்று
இரண்டு முத்திரையையும் ஒரே மேசையில் குத்துகிறது.
தயவால் அல்ல.
அதற்கு எலும்பில்லை, பல்லில்லை,
மூட்டுவலியால் மாடிப்படியில் பாதியில் நின்றதில்லை.
கொழுப்பாய் ஏதோ உள்ளே வந்துவிட்டது,
தண்ணீரில் கரைகிற மாதிரி
ஓர் ஆக்சிஜனை ஒட்டித் துரத்துகிறது,
அவ்வளவுதான்.
அது துரத்தியதை நாங்கள் ஐந்து நாள் காத்திருந்து
வடிகட்டி, உலர்த்தி, எடைபோடுகிறோம்.
இரண்டாயிரம் லிட்டருக்கு
ஒரு தீப்பெட்டி நிறைவதில்லை.

தொட்டி மூச்சுவிடும் குழாயில்
முதல் மழையின் வாசனை வரும்.
காய்ந்த சித்திரையில்
காவலாளி முனிரத்தினம் இரண்டு தடவை
கொடியில் கிடந்த சட்டையை எடுக்க ஓடினார்.
மூன்றாம் தடவை மழையே வந்தது,
ஓடவில்லை.

போன வருஷம் திம்மராயனுக்குக்
கால் வீங்கியது. பிறகு முகம்.
இப்போது செவ்வாயும் வெள்ளியும்
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
நான்கு மணி நேரம் இரத்தத்தைக் கழுவக் கொடுக்கிறார்.
மூன்றாம் மாதம்
ஒரு மாத்திரை அட்டையோடு லேபுக்கு வந்தார்.
கால் மைக்ரோகிராம்.
"நம்மளுதா பாரும்மா."
திருப்பிப் பார்த்தேன்.
இல்லைங்க, வடக்கே வேற கம்பெனி.
"அப்ப நம்ம ரோடு எங்க போவுது?"
மீனம்பாக்கம் வரைக்கும் தெரியும் என்றேன்.
சிரித்தார். போர் தண்ணீர் சிறுவயதில்
பல்லில் தீட்டிய பழுப்புக் கோடுகள் தெரிந்தன.

இன்னொன்று கிடைக்குமா என்று
ராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவே
ஐந்து தடவை என் ஸ்கூட்டியை ஓட்டிச்
சேறு சுரண்டியிருக்கிறேன்.
பாதித் தூரம் தார் போட்டுவிட்டார்கள்.
எருமைகளைத்தான் கேட்க வேண்டும்.

இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று.
ஒவ்வொரு முறையும் அறுவடை முடிந்து
தொட்டியில் மிஞ்சியதைக் கொல்ல வேண்டும்.
நூற்றிருபத்தொரு டிகிரி, முப்பது நிமிடம்.
நீராவி அவருடைய பாய்லரிலிருந்து வருகிறது.
வால்வு சக்கரத்தில் கைவைத்து
ஊசி போட்டுப் போட்டுப் புடைத்த கையோடு
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்ப்பார்.
நான் தலையாட்டுவேன்.
திறப்பார்.

செவ்வாயும் வெள்ளியும்
வேறு யாரோ திறக்கிறார்கள்.
அவர்கள் பார்ப்பதில்லை.